ரிமோட்டுக்குள் ஒரு சக்களத்தி

விஜயதசமி காலை. வாசலூர்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு தரிசு நிலம். ராத்திரித் தூறலில் புல்லெல்லாம் நனைந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் கையில் புது ரிமோட். நாமக்கல்லிலிருந்து பைக்கில் மலையேறி வந்த அவருடைய சிநேகிதன் கார்த்தியின் கையில் விமானம். என் கையில் ஒன்றும் இல்லை.

"நீ நெழல்ல உக்காரு மரகதம்" என்றார் அவர். "இனிமே எல்லாத்தையும் இதுவே சொல்லிப்போடும்."

நிழலில் உட்காரு என்பது அக்கறையான வார்த்தைதான். அதுவும் இந்த மனுஷர் வாயிலிருந்து வருவது அபூர்வம். ஆனால் அன்றைக்கு என் காதில் அது "இனி நீ வேண்டாம்" என்றுதான் விழுந்தது. போய் பலா மரத்தடியில் உட்கார்ந்தேன். வயிறு எரிந்தது. சாப்பிடாததால் அல்ல.

கடையும் காற்றும்

இந்தத் தொடரைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரர் தங்கவேலைத் தெரியும். இன்றைக்குத்தான் பக்கத்தைத் திறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கொல்லிமலையில், செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை எங்களுடையது. கிணற்று மோட்டார், மிக்சி, கிரைண்டர், புகை விட்டு எரிந்த எதுவானாலும் எங்கள் கடைக்குத்தான் வரும். நாளெல்லாம் செம்புக் கம்பியும் வார்னிஷ் வாசனையுமாக இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள். ஃபோம் அட்டையை வெட்டி, ஒட்டி, சின்ன மோட்டார் வைத்து, நான் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு விமானம் செய்வார். பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள், அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

ஊரில் பல பேர் என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டிருக்கிறார்கள், "ஏனுங்க்கா, அண்ணன் இன்னும் அந்த ஏரோப்ளேன் உட்டுட்டுத்தான் இருக்கறாருங்களா?" என்று. நானும் ஆரம்பத்தில் சலித்துக்கொண்டவள்தான். அவர் செய்த ஒன்றை ஏரி விழுங்கும் வரைக்கும்.

ஏரியில் விழுந்தது

அவருடைய முதல் விமானம் வாசலூர்பட்டி ஏரியில் படகு இல்லத்துக்கு மேலே பறந்தது. அழகாகத்தான் பறந்தது. வெளியூர்க்காரர்கள் பெடல் படகை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். இவர் திருப்பினார். விமானம் திரும்பவில்லை. மறுபடி திருப்பினார். அது பாட்டுக்கு நேராகப் போய், மூக்கு குத்தி, தண்ணீரில் விழுந்தது.

படகுக்காரர் ஒருவர்தான் எடுத்துக் கொடுத்தார். ஊறிப்போன ஃபோமை மடியில் வைத்துக்கொண்டு இவர் பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ரிமோட் சொல்வதை விமானத்துக்குள் கேட்டுக்கொள்கிற ரிசீவர் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் சொருகி, மோட்டார் அதிர்வில் கழன்றுவிட்டது. காது செத்துப்போனால் யார் என்ன சொன்னாலும் கேட்குமா?

அன்றிலிருந்து மனுஷர் மாறிப்போனார். சொருகிகளுக்கெல்லாம் நூல் கட்டினார். ரிசீவருக்கு ஸ்பாஞ்ச் மெத்தை வைத்தார். ஆன்டெனா வயர் ஒன்று குறுக்காகவும் ஒன்று நெடுக்காகவும் போக வேண்டும், பேட்டரி வயரோடு ஒட்டி ஓடக் கூடாது என்று பொழுதெல்லாம் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்படி செய்து வைத்தார். முதலில் ரிமோட்டைப் போட வேண்டும், பிறகுதான் விமானத்தை. அணைக்கும்போது முதலில் விமானம், பிறகுதான் ரிமோட். விமானம் விழித்திருக்கும் நேரத்தில் அதோடு பேச ஆளில்லாமல் இருக்கவே கூடாது என்பார். நான் கேட்காவிட்டாலும் சொல்வார்.

கடைசியாக, ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"மரகதம், ஒரு ஒத்தாசை. நீ கொஞ்சம் புடிச்சுக்கறயா?"

கல்யாணமான நாளிலிருந்து டீயைத் தவிர வேறு எதையும் என்னிடம் வாய்விட்டுக் கேட்டிராத மனுஷர் கேட்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

பலா மரம் வரைக்கும்

பறக்கவிடுவதற்கு முன்னால் சிக்னல் சரியாகப் போகிறதா என்று பார்க்கிற பரிசோதனைக்குத்தான் அந்த ஒத்தாசை. விமானத்தை நான் நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முட்டைக் கோழியைப் பிடிப்பதுபோல இறுக்காமல், விடாமல். மூக்குப் பக்கம் கை போகக் கூடாது, அங்கே விசிறி சுற்றும். ரிமோட்டில் சிக்னலின் பலத்தைக் குறைத்து வைத்துவிட்டு, அதிலிருக்கும் குச்சிகளை ஆட்டிக்கொண்டே அவர் பலா மரம் வரைக்கும் நடந்து போவார். குறைந்த பலத்தில் மரம் வரைக்கும் கேட்டால், முழுப் பலத்தில் வானத்தில் எவ்வளவு தூரம் போனாலும் கேட்கும் என்று கணக்கு.

இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் அசைகிற மடிப்புகள் அவர் குச்சியை ஆட்டுகிற மாதிரியே ஆடினால் நான் சும்மா நிற்பேன். திக்கினாலோ நின்றாலோ இடது கையைத் தூக்குவேன். மோட்டாரை ஓடவிட்டு ஒரு நடை, நிறுத்திவிட்டு ஒரு நடை.

இதில் எனக்கு என்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வெட்கமென்ன.

மரத்தடியில் நின்று அவர் என்னையே பார்ப்பார். என் கை எழுகிறதா, முகம் மாறுகிறதா என்று கண் சிமிட்டாமல் பார்ப்பார். வீட்டில் புதுப் புடவை கட்டி எதிரில் நின்றால், "அந்த டெஸ்டர எங்க வெச்ச?" என்று கேட்கிற ஆள். இந்த மனுஷர் என்னை முழுசாகப் பார்க்கிற இடம் இந்தக் கொல்லிமலையில் அது ஒன்றுதான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பார்வைக்காகவே புல்லில் கால் நனைய நின்றிருக்கிறேன்.

என் பிறந்த ஊர் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி. சந்தையில் அப்பா மிளகாய் போடுவார். பக்கத்துக் கடையில் நாலு பேர் கூடினால் எனக்குத் தாங்காது, அப்போதே. "இவளுக்கு இவ நெழலக் கண்டாலே ஆகாது" என்று அம்மா சொல்லுவாள். அம்மா சொன்னது பலித்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

வந்தாள் அவள்

பழைய ரிமோட்டின் குச்சி தேய்ந்துபோய், கார்த்தி சொல்லி, புதிதாக ஒன்று வந்தது. பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, பொத்தானை அமுக்கினார்.

"வெல்கம்" என்றது ஒரு பெண் குரல்.

நான் தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை.

"யாருங்க அது?"

"ரிமோட்டு பேசுது புள்ள. விமானத்துல பேட்டரி எவ்வளவு இருக்குது, சிக்னல் எப்படி வருது, எல்லாம் அங்கிருந்து வாங்கி இதுவே சொல்லும்."

சொல்லியது. இங்கிலீஷில், பன்னீர் தெளித்த மாதிரி சொல்லியது. "சிக்னல் லோ" என்று அவள் சொல்வதைக் கேட்கவேண்டும் என்றே ரிசீவரைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகை தாண்டி வைத்துவிட்டு வந்தார். அவள் சொன்னாள். இவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. போன தீபாவளிக்கு மிளகு தட்டிப்போட்டு நாட்டுக்கோழி வறுத்து வைத்தேன். அதற்கு "உப்பு சரியா இருக்குது" என்று மட்டும் சொன்ன வாய் அது.

அப்புறம் தினமும் சாயந்திரம் கடையை மூடிவிட்டு வந்ததும் முதல் வேலை அந்தப் பொத்தான். "வெல்கம்" என்பாள். நான் வாசலில் நின்று "வாங்க" என்று கூப்பிட்டதற்குத் தலையாட்டிவிட்டு வந்தவர், அவள் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். டீ டம்ளரை நான் ஓங்கி வைத்தேன். சிந்தியது. அவர் கவனிக்கவில்லை. ரிமோட் மேல் தெறித்ததா என்று மட்டும் பார்த்தார்.

"அவ பேரு என்னங்க?" என்று கேட்டேன் ஒருநாள்.

"யாரு பேரு?"

"அதான், உள்ள இருக்கறவ."

"கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?" என்றார். கிறுக்குத்தான். எனக்குத் தெரியாதா?

ஆயுத பூஜை

பூஜை நாளில் எங்கள் கடையைப் பார்க்க வேண்டும். வாசலில் வாழைக்கன்று, தலைக்கு மேலே ஜிகினாத் தோரணம். காயில் சுற்றும் மெஷின் முதல் ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வருஷா வருஷம் பொட்டு வைப்பது என் வேலை. எல்லாவற்றுக்கும் வைத்தேன். ரிமோட் பக்கம் வந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அவரே எடுத்தார். திரையில் படாமல், குச்சியில் படாமல், விரல் நுனியால் ஓரமாக அவளுக்குப் பொட்டு வைத்தார். எங்கள் கல்யாணத்தில் எனக்கு வைத்த பொட்டு மூக்கு வரைக்கும் கொட்டியது. போட்டோவில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அடுத்தது புது விமானம். மாதக்கணக்கில் செய்தது. உள்ளே ரிசீவரை வைத்து, ஆன்டெனாக்களை அளந்து பார்த்து, சொருகிகளுக்கு நூல் கட்டி, எல்லாம் முதல் நாளே முடித்திருந்தார். பூஜைக்கு அது வெறும் வெள்ளையாக, மொட்டையாக இருந்தது. தோரணத்தில் மிச்சமான வெள்ளி ஜிகினாத் தாளை எடுத்தார். முதுகிலிருந்து இரண்டு விலாவும் மூடுகிற மாதிரி பட்டையாகச் சுற்றி ஒட்டினார். வயிற்றுப் பக்கத்தில் மட்டும் தாள் போதவில்லை.

தேர் மாதிரி மின்னியது. நான் சூடம் காட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சாமி காரியம் நடக்கும்போது யாருக்கு ஆன்டெனா ஞாபகம் வரும்?

விழட்டும்

இப்போது மறுபடி அந்த விஜயதசமிக் காலைக்கு வருகிறேன். நல்ல நாள், புது ரிமோட்டுக்கு முதல் பறத்தல்.

பலா மரத்தடியில் எனக்கு முன்பே வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தாள். அந்த நிலத்துக்காரி. ஆட்டுக்குப் புல் அறுக்க வந்தவள், ஆடுகளை நிலத்தின் கோடியில் விட்டுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

கார்த்தி விமானத்தை உயர்த்திப் பிடித்தான். ரிமோட்டிலிருந்து அவள் ஏதோ சொன்னாள். "எல்லாம் ஃபுல்லுங்கண்ணா" என்றான் கார்த்தி. இருக்காதா பின்னே, பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு?

விழட்டும் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். தூக்கி எறிந்த உடனே மூக்குக் குத்தி விழட்டும், அவள் வாய் மூடிப்போகட்டும், இவர் என்னிடம் திரும்பி வரட்டும். அடுத்த நிமிஷமே அந்த மாதக்கணக்கு உழைப்பு கண்ணில் வந்தது. மடியில் ஊறிப்போன ஃபோமோடு பஸ்ஸில் வந்த முகமும் வந்தது. ஐயோ, விழக் கூடாது சாமி என்றும் நினைத்தேன். ஒரே மனசுதான், இரண்டையும் நினைத்தது.

வெள்ளையம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏங் கண்ணு, எப்பவும் நீதான அதப் புடிச்சிக்கிட்டு நிப்ப? இன்னிக்கு உன் எடத்துல அந்தத் தம்பி நிக்குது?"

எழுந்துவிட்டேன்.

"கார்த்தி, அதக் கீழ எறக்கு."

"ஏனுங்க்கா?"

"அவரு மரம் வரைக்கும் நடக்கோணும். நடக்காம இந்த மண்ணுல இருந்து அது மேல போகாது."

என் வீட்டுக்காரர் சங்கடமாகச் சிரித்தார். "அதுதான் ரிமோட்டே சொல்லுமே புள்ள."

"அவ சொல்றத நீங்க கேட்டுக்கங்க. நான் வேண்டாங்கல. இப்ப நீங்க நடங்க."

நல்ல நாளும் அதுவுமாக வாக்குவாதம் வேண்டாம் என்று நினைத்திருப்பார். ரிமோட்டில் பலத்தைக் குறைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் கார்த்தி கையிலிருந்து விமானத்தை வாங்கிக்கொண்டேன். அந்த லேசான கனம் கைக்கு வந்ததும்தான் மூச்சு சீரானது.

பாதுகாப்புக்காகத்தான் எழுந்தேன் என்று பிறகு கார்த்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். இல்லை. என் இடத்துக்காக எழுந்தேன். நெருப்பு மாதிரிப் பொறாமை. வேறொன்றும் இல்லை.

வயிறும் விலாவும்

பாதி தூரம்கூடப் போகவில்லை. "சிக்னல் லோ" என்றாள் அவள். காலை நேரத்து அமைதியில் எனக்கே கேட்டது. நான் கையைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டாள், பாவி. அதன் பிறகுதான் மடிப்புகள் ஒரு முறை திக்கி, நின்றன. தோற்றுப்போனவளாக நானும் கையைத் தூக்கினேன்.

அவர் நின்ற இடத்திலிருந்தே ரிமோட்டின் ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"பலத்தக் கொறச்சு வெச்சதுனால அப்படிக் காட்டுதுங்கக்கா" என்றான் கார்த்தி. "மேல போனா சரியாப் போயிரும்."

"ஏந் தம்பி, இத்தன நாளும் கொறச்சு வெச்சுத்தான நடந்தாரு?" என்று அவன் பக்கம் வேகமாகத் திரும்பினேன். திரும்பிய வேகத்தில் விமானம் கையில் சாய்ந்து, வயிற்றை அவருக்குக் காட்டியது. கிர்ரென்று மடிப்புகள் ஆடின.

நிமிர்த்தினேன். நின்றன. சாய்த்தேன். ஆடின.

"ஏனுங்க" என்று கத்தினேன். "வவுத்தக் காட்டுனா கேக்குதுங்க. வெலாவக் காட்டுனா கேக்க மாட்டேங்குது."

ஓடி வந்தார். வாங்கி, புரட்டிப் பார்த்தார். வெயிலில் ஜிகினா அவர் முகத்தில் பளிச்சென்று அடித்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஜிகினா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வெள்ளித் தாள் ரிசீவரின் இரண்டு பக்கமும் சுவர் கட்டி வைத்திருந்தது. சிக்னல் உள்ளே போக அதற்குத் திறந்திருந்த வழி வயிறு மட்டும்தான். தலைக்கு மேலே பறக்கும் வரைக்கும் வயிறு தெரியும், எல்லாம் நன்றாகவே நடந்திருக்கும். தூரத்தில் போய் விலாவைக் காட்டித் திரும்பிய இடத்தில் காது அடைத்து, மோட்டார் நின்று, ஏதாவது ஒன்றின் தலையில் இறங்கியிருக்கும். அந்தத் திசையில்தான் வெள்ளையம்மாவின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

சொருகிக்கு நூல் கட்டிய கை, ஆன்டெனாவை அளந்து வைத்த கை, அதுவேதான் பக்தியோடு ஜிகினாவையும் ஒட்டியது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி அவரே பிய்த்தெடுத்தார். குங்குமப் பொட்டை மட்டும் விட்டுவைத்தார்.

மறுபடி நடந்தார். இந்தத் தடவை மரம் வரைக்கும். அவள் பேசவில்லை. என் கை எழவில்லை. மரத்தடியில் நின்று, கண் சிமிட்டாமல், அவர் என்னைப் பார்த்தார். அதன் பிறகு விமானம் பறந்ததும், கார்த்தி கைதட்டியதும், மேகம் இறங்கும் வரைக்கும் ஆட்டம் போட்டதும் எனக்கு இரண்டாம் பட்சம்.

கூப்பிடுகிற மாதிரி

அடுத்த வாரத்தில் ஒரு சாயந்திரம் கடையிலிருந்து வந்தவர் செல்போனை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"கொஞ்சம் பேசு."

"என்னத்தப் பேசறது?"

"சிக்னல் கம்மின்னு சொல்லு. பேட்டரி கம்மின்னும் சொல்லு. ரிமோட்டுல இருக்கற குரலத் தூக்கிப்போட்டு நம்ம குரல வெச்சுக்கலாமாம். கார்த்தி சொன்னான்."

முகம் கழுவிக்கொண்டு வந்தேன், குரலுக்கு எதற்கு முகம் கழுவ வேண்டும் என்று இன்றுவரை தெரியாது. முதல் தடவை சொன்னபோது வெளியே லாரி ஹாரன் அடித்தது. அடுத்த தடவை மாடு கத்தியது. அதற்கடுத்து எல்லாம் சரியாக வந்தது, ஆனால் நியூஸ் வாசிப்பதுபோல இருக்கிறது என்றார்.

"என்னையக் கூப்புடற மாதிரி சொல்லு."

"ஏனுங்க" என்றேன். "சிக்னல் கம்மிங்க."

"அதுதான்" என்றார். சிரித்தார். மாட்டுக் கொட்டகைக்கு ரிசீவரைக் கொண்டுபோன அன்று சிரித்தாரே, அதே சிரிப்பு. சக்களத்தியை வீட்டைவிட்டு விரட்டியாகிவிட்டது என்று அன்று நிம்மதியாகப் படுத்தேன்.

என் குரல்

போன ஞாயிற்றுக்கிழமை அதே நிலத்தில் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். விமானம் மேலே இருந்தது. மலை விளிம்பில் வெள்ளையாக மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, மேகம் வருதுங்க" என்றேன். அவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்றேன் மறுபடி, சத்தமாக. அண்ணாந்த தலை அசையவில்லை.

"ஏனுங்க, பேட்டரி கம்மிங்க" என்றது ரிமோட்.

"சரி சரி, வாரேன் வாரேன்" என்றார் உடனே. ரிமோட்டைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவு பிரியமாக, அவ்வளவு பணிவாக. பக்கத்தில் நிற்கிற என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

என் குரல்தான். என் ஏனுங்கதான். ஆனால் என் பேச்சைக் கேட்காத மனுஷர் அவள் பேச்சைக் கேட்டு விமானத்தை இறக்கினார். யாரைத் திட்டுவது? இங்கிலீஷ்காரியாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டலாம். அம்மா பேளுக்குறிச்சியில் இருந்தபடியே சிரிப்பது எனக்குக் கேட்டது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். இதைப் படித்தால்தான் அவருக்கே தெரியவரும். பறக்கும்போது அவள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், அது விமானத்துக்கு நல்லது. ஆனால் அதற்கு முன்னால், மரம் வரைக்கும் அவர் நடப்பதற்கு ரிமோட்டை எடுத்துக் கொடுக்கிறவள் நான். கொடுக்கும்போதே சத்தத்தை அடியோடு குறைத்துவிடுகிறேன். திரும்பி வந்ததும் நானே கூட்டி வைத்துவிடுவேன்.

அந்த ஒரு நடைக்கு மட்டும் அவர் என் கையைத்தான் பார்க்க வேண்டும்.